கடைக்குக் கொடுத்த பெயர்

சம்பூரணத்துக்கு முன்னால் ஏழு பேர் நின்றிருந்தார்கள். ஏழு பேரும் இன்னும் சற்று நேரத்தில் தங்கள் போன் நம்பரை ஊரறியச் சொல்லப் போகிறார்கள் என்று நினைக்கவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. பில் போடுகிற பெண் தலையை நிமிர்த்தாமல் மொபைல் நம்பர் என்பாள், இவர்கள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பிப்பார்கள், பேரு என்பாள், அதையும் சொல்வார்கள். வீட்டு வாசலில் வந்து எவனாவது உங்க பேரென்ன நம்பரென்ன என்று கேட்டால், யாருங்க நீங்க, எதுக்குக் கேக்கறீங்க என்று துளைத்தெடுக்கிற ஈரோட்டுச் சனம், கையில் ஒரு கிலோ துவரம்பருப்பும் எதிரில் ஒரு பில் மிஷினும் இருந்துவிட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது. சம்பூரணம் அந்த ரகம் இல்லை. இருபத்தொன்பது வருஷமாக ரயில்வே ஜங்ஷனில் தபால் பிரிக்கிறவள். கவரின் மேல் பெயரை எழுதியிருக்கிற தினுசைப் பார்த்தே அனுப்பியது கல்யாண வீடா கோர்ட்டா என்று சொல்லிவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் பிறந்ததுதான் அவளுடைய ஏற்பாடு. நம்பரைக் கொடுக்காமல் தப்ப முடியாது, மறுத்தால் மேனேஜரைக் கூப்பிடுவார்கள், பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஆகவே நம்பரைக் கொடுத்துவிட்டுப் பெயரைப் பொய்யாகச் சொல்வாள். ஒரு கடைக்கு ஒரு பெயர். சொந்தமாக ஜோடித்தால் மறந்துபோகும் என்று வீட்டுக்காரரின் அக்காமார் பெயர்களையே எடுத்துக்கொண்டாள். இந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு அவள் தெய்வானை. ஜவுளிக்கடைக்குக் கமலவேணி. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ரங்கநாயகி. பிறகு எவனாவது போனில் கூப்பிட்டு, ரங்கநாயகி மேடம், பெருந்துறைப் பக்கம் அருமையான பிளாட் இருக்குங்க என்றால் விற்றது யார் என்று விசாரணையே வேண்டாம். போன மாசம் அப்படித்தான் நேரே கண்ணாடிக் கடைக்குப் போய், எங்க ரங்கநாயகி அக்காவ எத்தன பேருக்குங்க குடுத்தீங்க என்று கேட்டாள். கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடி துடைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த மூன்று நாத்தனார்களும் அவளுக்கு ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. இப்போது சம்பளமில்லாமல் காவல் நிற்கிறார்கள்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. அவளும் கூடையைக் காலால் தள்ளிக்கொண்டு நகர்ந்தாள். கூடையில் தேங்காயெண்ணெய், ரவை, பாத்திரம் விளக்குகிற சோப்பு, எதற்கென்று தெரியாமல் எடுத்த ஒரு பாட்டில் ஊறுகாய். ஊறுகாய் வீட்டிலேயே இரண்டு வகை இருக்கிறது. எதையாவது எடுக்க வேண்டும், எங்கேயாவது நிற்க வேண்டும், போன் வருகிற வரைக்கும். சாதாரண நாளாக இருந்தால் தெரியாத நம்பர் எதையும் அவள் எடுக்க மாட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லாவற்றையும் எடுக்கிறாள். கடன் வேண்டுமா, வேண்டாம். வீட்டுக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின், இருக்குதுங்க. கமலவேணி மேடம், உங்களுக்குக் குலுக்கலில் பரிசு, நீயே வச்சுக்க சாமி. ஒவ்வொரு தடவை மணியடிக்கும்போதும் வயிற்றில் ஒன்று எழுந்து உட்காரும். எடுத்துப் பேசி, எதிர்பார்த்த போன் இல்லை என்று தெரிந்ததும் அது மறுபடி படுத்துக்கொள்ளும். ஸ்கேன் சென்டர்க்காரர்கள் கூப்பிட வேண்டும், சம்பூரணம்ங்களா, ரிப்போர்ட் ரெடிங்க என்று சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளில் கூப்பிடுகிறோம் என்றார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. இடது பக்கம், அக்குளை ஒட்டினாற்போல், ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. மூன்று வாரத்துக்கு முன்னால் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது, சோப்பு நுரை என்று நினைத்தாள், நுரை போன பிறகும் அது இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம்கூடப் போகவில்லை. பெண்களுக்கான பரிசோதனை என்று ஸ்கேன் சென்டரில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பஸ்ஸிலிருந்து பார்த்து, அடுத்த நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுத் தானே போய் நின்றாள். வீட்டுக்காரர் துரைசாமியிடம் சொன்னால் அந்த மனுஷன் முதல் காரியமாக அக்காமாருக்குப் போன் போடுவார். மூன்று பேரும் ஆட்டோ பிடித்து வந்து இறங்குவார்கள், தெய்வானை அக்கா வாசலிலேயே அழ ஆரம்பிப்பாள். புனேயில் இருக்கிற மகன் லீவு எழுதிப் போடுவான். வேண்டாம். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வரட்டும், அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு ஒரு டீ போட்டுக் குடிக்கலாம். ஒன்றுமில்லை என்றுதான் வரும். அவள் கணக்குத் தப்பியதில்லை. வலியே இல்லையே. வலி இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று ஆபீஸில் யாரோ சொன்னார்கள், இல்லை, வலி இல்லாவிட்டால்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னார்களோ, யார் சொன்னது, எப்போது சொன்னது, கேண்டீனிலா. ஊறுகாய் பாட்டிலை எடுத்துத் தேதி பார்த்தாள். இன்னும் ஒரு வருஷத்துக்குக் கெடாதாம்.

வரிசையின் தலையில் நின்ற பெரியவர் தன் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி நாலு எண்ணும் ஒரே எண், அதில் அவருக்கு ஒரு பெருமை, அழுத்திச் சொன்னார். அப்போது அவளுடைய போன் அடித்தது. எழுந்து உட்கார வேண்டியது எழுந்து உட்கார்ந்தது. "வணக்கம், சாரதாமணி மேடம்ங்களா?" என்றது ஒரு பெண் குரல், சின்ன வயசு, எழுதி வைத்ததைப் படிக்கிற குரல். சாரதாமணியா என்று சம்பூரணம் நினைத்தாள். சாரதாமணி அவளுடைய கடைசி நாத்தனார், வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை, அந்தப் பெயரை அவள் எந்தக் கடைக்கும் கொடுத்ததில்லை. கொடுக்க மனசு வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம்கூட இப்படித்தான் ஒருத்தி சாரதாமணி அம்மாங்களா என்று கேட்டாள், இவள் அடுப்பில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள், அப்படி யாரும் இல்லீங்க, ராங் நம்பர் என்று வெடுக்கென்று வைத்துவிட்டாள். என்ற நம்பர அந்தக் கழுதை எங்கியோ குடுத்து வெச்சிருக்குது போல என்று சாரதாவை நினைத்துச் சிரித்தும் கொண்டாள். இப்போதும் சிரிக்கத்தான் வாயெடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். "மேடம், பெண்களுக்கான ஸ்பெஷல் கேன்சர் பாதுகாப்புப் பாலிசி பற்றிப் பேசலாங்களா? உங்க வயசுக்கு ரொம்ப முக்கியம் மேடம். ரெண்டே கேள்விதான். உங்களுக்கு ஏற்கனவே மார்பில் கட்டி, வீக்கம் ஏதாவது இருக்குங்களா? இருந்தா மட்டும் இந்தப் பாலிசி எடுக்க முடியாது மேடம்." கடையின் ஏசி அவளுடைய கழுத்தில் அடித்தது. இருக்குங்களா. கேட்கிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கலாம், கேள்விக்குப் பக்கத்தில் ஆமாம் இல்லை என்று இரண்டு கட்டம் போட்டிருக்கும், எதையாவது தட்டினால்தான் அடுத்த பக்கம் போக முடியும். மூன்று வாரமாக அவள் தன்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வியை ரவைக்கும் சோப்புக்கும் நடுவில் ஒருத்தி கேட்டுவிட்டாள். சம்பூரணம் வாயிலிருந்து அவள் வாழ்நாளில் அதிகம் வராத ஒரு சொல் வந்தது. "தெரியலீங்க" என்றாள். தெரியலை என்பதற்கு அந்தப் பெண்ணிடம் கட்டம் இல்லை. "பரவால்ல மேடம், தெரிஞ்சதும் சொல்லுங்க, நான் அப்புறமா கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

விற்றது யார். கேள்வி இவ்வளவுதானே, இதில் அவள் புலி. சாரதாமணி என்று சொன்னது எந்தக் கடையில். ஜவுளிக்கடை கமலவேணி. செருப்புக்கடையிலும் கமலவேணிதான், இரண்டும் ஒரே முதலாளி. மருந்துக்கடையில் பெயரே கேட்பதில்லை. தீபாவளிக்குப் போன பாத்திரக்கடை, அங்கே தெய்வானை. ஒருவேளை சாரதாவே கொடுத்திருப்பாள், அவளுக்கும் நாற்பத்தாறு ஆகிறது. சாரதாவுக்கு எதற்குக் கேன்சர் பாலிசி. அந்தச் சொல்லை எந்தக் கடையும் விற்காதே, ஜவுளிக்கடை விற்றால் சேலை வரும், கண்ணாடிக்கடை விற்றால் பிளாட் வரும், கேன்சரை விற்கிற கடை எது. கேன்சரை விற்கிற கடை. கை தன்னால் பர்ஸின் உள் ஜிப்பைத் திறந்தது. ஸ்கேன் சென்டர் ரசீது நாலாக மடித்தபடி இருந்தது, வாங்கின அன்றைக்கு மடித்தது, மார்பகம் என்ற எழுத்து வெளியே தெரியக்கூடாதென்று மடித்தது, அதற்கப்புறம் பிரிக்கவே இல்லை. பிரித்தாள். திருமதி சாரதாமணி, 54, பெண். மறுபடி பார்த்தாள். திருமதி சாரதாமணி. அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, பஸ்ஸில் போகும்போதே தீர்மானம் பண்ணியிருந்தாள், இந்த ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம், சொந்தப் பேரைச் சொல்லிவிட வேண்டும், சம்பூரணம் துரைசாமி, சம்பூரணம் துரைசாமி என்று இரண்டு தடவை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்தது நினைவிருக்கிறது. சொன்னது நினைவில் இல்லை. கவுண்டர் பெண் தலையை நிமிர்த்தாமல் மொபைல் நம்பர் என்றாள், பேரு என்றாள், பருப்புக் கடையில் கேட்கிற அதே குரல், அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிற படம், இடம் பூராவும் பினாயில் வாசம், கூட யாராவது வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம் நினைத்தாள். நினைத்த ஆளின் பெயரை நாக்கு சொல்லிவிட்டது. எட்டு வருஷமாகப் பழக்கின நாக்கு, கேட்டதும் பொய் சொல்லப் பழகின நாக்கு, மிச்சம் வைத்திருந்த ஒரே பெயரையும் எடுத்துக் கொடுத்துவிட்டது.

அப்படியானால் வியாழக்கிழமை கூப்பிட்டது. கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, சாரதாமணி அம்மாங்களா என்றாள், அதற்கப்புறம் ஏதோ சொல்ல வந்தாள், என்ன சொல்ல வந்தாள். குரல் எப்படி இருந்தது. சாவகாசமாக இருந்ததா, அவசரமாக இருந்ததா. அம்மாங்களா என்று கேட்டாளே, மேடம் என்று சொல்லவில்லையே, கெட்ட சேதி சொல்கிறவர்கள்தானே அம்மா என்பார்கள். இல்லை, ஊர்ப்பக்கத்துப் பெண்ணாக இருக்கும், எல்லோரையும் அம்மா என்கிற பெண். சம்பூரணம் உன் மூளை எங்கே போயிற்று, நிதானமாக யோசி என்று தன்னையே அதட்டினாள். நோய் இருக்கிறவளுக்கு எவனாவது பாலிசி விற்பானா. இருந்தால் எடுக்க முடியாது என்று அந்தப் பெண்ணே சொன்னாளே. அப்படியென்றால் ஸ்கேன் சென்டர்க்காரன் நல்ல ரிப்போர்ட் வந்தவர்களின் பெயரைத்தான் கொடுத்திருப்பான், மற்றவர்களின் பெயரை ஆஸ்பத்திரிக்கல்லவா கொடுப்பான். பாலிசிக்காரி கூப்பிட்டதே நல்ல சகுனம். இந்தக் கணக்கு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது, வரிசையில் நின்றபடியே முதுகை நிமிர்த்திக்கொண்டாள். பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார், வரிசை நகர்ந்தது, கூடை நகர்ந்தது. ஆனால் கேள்வி கேட்டாளே. இருக்குங்களா என்று கேட்டாளே. தெரிந்தவள் எதற்குக் கேட்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் கையில் இருப்பது வெறும் பேரும் நம்பரும் வயசும், அன்றைக்கு அந்தக் கதவுக்குள் நுழைந்த அத்தனை பொம்பளைகளையும் மூட்டையாகக் கட்டி விற்றிருக்கிறான், நல்லதும் கெட்டதும் சேர்த்து. நல்ல சகுனக் கணக்கு சரிந்துவிட்டது. அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது, அதைத்தான் அவள் பார்க்க விரும்பவில்லை. தன்னுடைய கட்டியைச் சாரதாவின் பெயரில் எழுதி வைத்துவிட்டாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் போன முதல் நாள் இவள் வைத்த குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று, மூன்று அக்காமாரும் ஒரு வாய் வைத்துவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், பாவாடை தாவணி போட்டிருந்த சாரதா மட்டும் மூன்று தடவை ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள், ராத்திரி பூராவும் தண்ணீர் குடித்தாள். அந்தப் பிள்ளையின் பெயரையா. சாமி, பேரைப் பார்த்து எழுதீராதே, ஆளைப் பார்த்து எழுது. இது என்னுது, என்னுதுதான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று மூன்று வாரத்தில் முதல்முறையாக ஒத்துக்கொண்டாள், ஒத்துக்கொண்டதும் அது சற்றுக் குறைந்த மாதிரியும் இருந்தது. பிறகு ரசீதில் இருந்த நம்பரைத் தேடி அமுக்கினாள். மற்றவன் கூப்பிடட்டும் என்று காத்திருந்தது போதும்.

"வணக்கமுங்க, சாரதாமணி பேசறனுங்க, செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்தனுங்க" என்றாள். கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. "ஆமாங்க, உங்க ரிப்போர்ட் வியாழக்கிழமையே வந்திருச்சுங்க. கூப்பிட்டோம், ராங் நம்பர்னு சொல்லிட்டாங்க." அதே ஊர்ப்பக்கத்துக் குரல். "என்னன்னு வந்திருக்குதுங்க?" "அது போன்ல சொல்ல மாட்டோங்க மேடம். பேஷண்ட் விவரம் பாருங்க, வெளிய யாருக்கும் சொல்லக் கூடாது, ரூல்ஸ்." சம்பூரணம் ஒரு கணம் போனைக் காதிலிருந்து எடுத்து அதைப் பார்த்தாள். "ஏனம்மிணி, எவனோ இன்சூரன்ஸ்காரனுக்கு என்ற பேரு, நம்பரு, வயசு எல்லாம் சொல்லுவீங்க, எனக்குச் சொல்ல மாட்டீங்களா?" "அது எங்களுக்குத் தெரியாதுங்க, ஆபீஸ்ல பாத்துக்குவாங்க" என்று குரல் தணிந்து வந்தது. "ராங் நம்பர்னு நோட் போட்டிருக்குதுங்க. அதனால நீங்க ஆதார் கார்டு எடுத்துட்டு நேர்ல வரணும். பேரு சரியா இருந்தாத்தான் குடுப்போம். இன்னைக்கு ஒரு மணி வரைக்கும் இருப்போங்க, அப்புறம் திங்கக்கிழமைதான்." "நான் பேர மாத்திக் குடுத்துட்டனுங்க. என்ற பேரு சம்பூரணம்." மறுபடி கீபோர்டு. "சம்பூரணம்னு யாரும் இல்லீங்களே மேடம்."

யாரும் இல்லையாம். மணி பதினொன்று நாற்பது. திங்கட்கிழமை வரைக்கும் என்றால் இரண்டு ராத்திரி, அதைத் தாங்க அவளால் முடியாது. அவளுடைய ரிப்போர்ட்டை வாங்க இந்த ஈரோட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருக்கிறது, அந்த ஆள் சூரம்பட்டியில் இந்நேரம் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள். சொல்ல வேண்டியிருக்கும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்ததைச் சொன்னால்தான் காரியம் ஆகும். அவள் இத்தனை நாள் கட்டின கோட்டைக்கு ஒரே ஒரு வாசல், அதன் சாவி சாரதாவின் ஆதார் கார்டு. வெளியே போய்ப் பேசலாம், பேச வரிசையை விட வேண்டும். விடாமலே பேசினாள், முன்னால் மூன்று பேர், பின்னால் எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்கவில்லை. "சாரதா, உன்ற ஆதார் கார்டு கைல இருக்குதா?" "இருக்குதுங்க அண்ணி, எதுக்குங்க?" "உன்ற பேர்ல ஸ்கேன் சென்டர்ல ஒரு ரிப்போர்ட் கிடக்குது, வாங்கோணும். பேரு உன்னுது, ஒடம்பு என்னுது. மார்ல ஒரு கட்டி. என்னன்னு தெரியல. பயமா இருக்குது சாரதா." நம்பர் சொல்லிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்தினாள். பில் போடுகிற பெண் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். சாரதா எதுவும் கேட்காமல், "எங்க நிக்கறீங்க?" என்றாள், சொன்னதும், "பத்து நிமிசம், அங்கியே நில்லுங்க" என்று வைத்தாள். முன்னால் இருந்த பெண் தன் தள்ளுவண்டியை ஓரமாக இழுத்து, "நீங்க மொதல்ல போட்டுட்டுப் போங்க அக்கா" என்றாள். அதற்கு முன்னால் இருந்தவரும் நகர்ந்துகொண்டார். சம்பூரணம் கூடையை மேஜையில் வைத்து, ஊறுகாயை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தாள். "மொபைல் நம்பர்" என்றாள் பில் போடுகிற பெண். சொன்னாள். திரையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் தயங்கினாள். "தெய்வானை மேடம்ங்களா?" "தெய்வானைதான்" என்றாள் சம்பூரணம் கணீரென்று. கடை கடைதான்.

வாசலில் சாரதா ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு நின்றாள், தலையைக்கூட வாரவில்லை, நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அப்படியே வந்திருந்தாள். சம்பூரணம் ரசீதை நீட்டினாள், சொல்ல வேண்டியதை யோசித்து வைத்திருந்தாள், மன்னிச்சுக்க சாரதா, உன்ற பேருக்கு ஒண்ணும் வராது என்று. அதைச் சொல்வதற்குள் சாரதா ரசீதை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள், மறுபடி படித்தாள். "ஏனுங்க அண்ணி, என்னையப் போயி அம்பத்தி நாலு ஆக்கிப்போட்டீங்களே" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு முகம் கோணிக்கொண்டு அழுகை வந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அப்போது சம்பூரணத்தின் கையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தாள். "வணக்கம், சாரதாமணி மேடம்ங்களா? கொஞ்சம் முன்னாடி பேசினோமே, அந்தப் பாலிசி விஷயமா." எழுந்து உட்கார வேண்டியது இந்தத் தடவை எழவில்லை. "ஒரு நிமிசம் இருங்க, பக்கத்துலயே இருக்கறாங்க" என்று சொல்லிப் போனை நீட்டினாள். சாரதா வாங்கிக் காதில் வைத்துச் சற்று நேரம் கேட்டாள். "ஆமாங்க, சாரதாமணிதான் பேசறேன்" என்றாள். "எங்களுக்கு இப்ப வேற வேலை இருக்குது." வைத்துவிட்டு ஸ்கூட்டியைத் திருப்பினாள். சம்பூரணம் பின்னால் ஏறி உட்கார்ந்து, ரவைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.